‘கேரி’க்குத் தாய்லாந்து மொழியில் எத்தனை சொல்?

கேள்வி: பாங்காக்கில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. செயலியில் தாய்லாந்து மொழி படித்து வருகிறேன். ஆங்கிலத்தில் ‘கேரி’ என்று போட்டால் ஒரு தடவை ‘தூ’ என்கிறது, ஒரு தடவை ‘பேக்’, இன்னொரு தடவை ‘உம்’. எதை மனப்பாடம் செய்வது?
(வாசகர், திருச்சி)

பதில்: மூன்றையும், கூடவே இன்னும் நாலைந்தையும். செயலி உங்களைக் குழப்பவில்லை, அந்த மொழியே அப்படித்தான். ஆங்கிலத்தின் ‘கேரி’, ஒரு பொருள் ஆளோடு சேர்ந்து இடம் மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும். கையிலா, தோளிலா, தலையிலா என்று கேட்காது. தாய்லாந்துக்காரர் முதலில் பார்ப்பதே அதைத்தான். நாமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்கிறோம், பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம், மூட்டையைச் சுமக்கிறோம், ஆரத்தித் தட்டை ஏந்துகிறோம். ஆனால் பல நேரம் ‘தோளில்’, ‘தலையில்’ என்று இடத்தைத் தனியாகச் சொல்லி ஒரு பொது வினையைச் சேர்ப்போம். அவர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

உங்கள் வேலைக்கு வேண்டியதை முதலில் சொல்கிறேன். கையில் பிடித்திருப்பது எல்லாம் ‘தூ’: தட்டு, குடை, பூங்கொத்து. கைப்பேசிக்கே அங்கே ‘மூ தூ’ என்றுதான் பெயர், ‘மூ’ என்றால் கை. ‘கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு ‘ச்சுவாய் தூ நோய்’. ஆண் பேசினால் கடைசியில் ‘க்ரப்’, பெண் பேசினால் ‘கா’. இந்த ‘தூ’வுக்கு உதட்டைக் குவிக்கவே கூடாது. ‘காது’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிறதே குற்றியலுகரம், அதை மட்டும் பிரித்தெடுத்து நீட்டினால் வருகிற ஒலிதான் அது. நமக்கு வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒலி என்பதால் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். குரல் மட்டும் கீழிருந்து மேலே ஏற வேண்டும்.

கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுபோவது ‘ஹியூ’. வாளி, காய்கறிப் பை, பெட்டி, அடுக்கு டிபன் கேரியர் (அதற்கு அங்கே ‘பின்தோ’ என்று பெயர்) எல்லாம் இதில் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. குரலை மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால்தான் தூக்குவது. அதே எழுத்துகளைக் குரல் ஏற்றிச் சொன்னால் ‘பசிக்கிறது’ என்று பொருள். விருந்தினரின் பெட்டிக்குக் கை நீட்டும் முன் இந்த ஒரு சொல்லையாவது தாய்லாந்துக்காரர் யாரிடமாவது சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்துப் படித்தால் இது வராது.

மற்றவை சுருக்கமாக. வார் வைத்த பையைத் தோளில் மாட்டுவது ‘ஸபாய்’. அரிசிச் சாக்கு மாதிரி கனத்ததைத் தோள் மேல் ஏற்றினால் ‘பேக்’. தலையில் வைத்தால் ‘தூன்’, இதற்கு உதடு குவிந்தே ஆக வேண்டும். கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடப்பது ‘கிரதியத்’. அதைச் செய்யும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது இல்லையா, அதனால் ஒரு கருத்தோ நிறமோ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் இதே சொல்லைப் போடுகிறார்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை மாதிரி எப்போதும் கூடவே வைத்திருப்பது ‘பொக்’.

கேள்வி: யாழ்ப்பாணத்திலே நாங்கள் ‘காவிக்கொண்டு போறது’ என்று சொல்லுவம். தடியின் ரெண்டு பக்கமும் கட்டித் தோளிலே காவுவதற்குத் தாய்லாந்தில் தனிச்சொல் இருக்கிறதா?
(வாசகி, கொழும்பு)

பதில்: இருக்கிறது, ‘ஹாப்’. கடைசி ‘ப்’பை உதடு மூடியதோடு நிறுத்திவிட வேண்டும், காற்று வெளியே வரக் கூடாது. காவடித் தண்டுக்கு ‘மாய் கான்’ என்று பெயர், பெரும்பாலும் மூங்கில். இரண்டு முனையிலும் கூடை தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்பவர்கள் ‘ஹாப் ரே’. ஒரு கூடையில் கரி அடுப்பு, மறு கூடையில் பண்டம், எங்கே ஆள் கூப்பிடுகிறாரோ அங்கே இறக்கி வைத்தால் அதுதான் கடை.

இதையும் ‘ஹாம்’ என்பதையும் கலந்துவிடாதீர்கள். ஒரே சுமையை இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தூக்கினால் அது ‘ஹாம்’: பல்லக்கு, நோயாளியைக் கிடத்திய படுக்கை. விபத்துச் செய்திகளில் ‘ஹாம் செய்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்’ என்று தினமும் பார்க்கலாம். இந்தச் சொல்லை வைத்து எனக்கு மிகவும் பிடித்த பழைய விடுகதை ஒன்று இருக்கிறது. ‘ஸீ கொன் ஹாம், ஸாம் கொன் ஹே, நுங் கொன் நங் க்ரே, ஸோங் கொன் பா பாய்.’ நான்கு பேர் தூக்குகிறார்கள், மூன்று பேர் ஊர்வலம் வருகிறார்கள், ஒருவர் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேர் வழி நடத்துகிறார்கள். பொதுவாகச் சொல்கிற விடை இது: தூக்குபவர்கள் நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்கள். கூட வருபவை பௌத்தம் சொல்லும் நிலையாமை, துக்கம், அனாத்மா (‘நான்’ என்று நிலையான ஒன்று இல்லை என்பது). உட்கார்ந்திருப்பது மனம். வழி நடத்துபவை நல்வினையும் தீவினையும். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் ‘நாலு பேர் கேரி’ என்று சப்பென்று போகிறது. ஆனால் ‘ஹாம்’ என்றதுமே தோள் மாற்றித் தோள் கொடுக்கிற நாலு பேர் கண் முன்னால் வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: குழந்தையைத் தூக்குவது ‘உம்’ என்று படித்தேன். ஆனால் ஒரு செய்தியில் அதே சொல் கடத்தலுக்கு வந்திருந்தது. எப்படி?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ‘உம்’ என்றால் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்குவது. குழந்தை, பூனைக்குட்டி, அப்புறம் புத்த பிக்குவின் பிச்சைப் பாத்திரம். பாத்திரத்துக்கு அங்கே ‘பாத்’, நம் பாத்திரமும் அதுவும் ஒரே வேர். பிறந்த கிழமைக்கு ஒரு புத்தர் என்று வைத்திருக்கிறார்களே, அதில் புதன்கிழமைப் பகலில் பிறந்தவர்களுக்குரிய உருவம் ‘உம் பாத்’, பாத்திரம் ஏந்தி நிற்கும் புத்தர். பெட்சபூன் மாகாணத்தில் பத்தாம் சந்திர மாத அமாவாசையில் (பெரும்பாலும் நம் மகாளய அமாவாசையை ஒட்டி வரும்) ஆளுநரே புத்தர் சிலையை ‘உம்’ செய்துகொண்டு பாசக் ஆற்றில் முங்குவார். மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் ‘உம்’. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பதும் ‘உம்’ தான். வாடகைத்தாய் முறைக்கு ‘உம் புன்’ என்று பெயர் வைத்தார்கள். ‘புன்’ என்பது புண்ணியம். 2014இல் உலகச் செய்தியான ஒரு விவகாரத்துக்குப் பிறகு, 2015இல் சட்டம் போட்டுக் காசுக்காக அதைச் செய்வதைத் தடை செய்தார்கள்.

இவ்வளவு கனிவான சொல் கடத்தலுக்கும் போனதுதான் கொடுமை. ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவது ‘உம்’, அப்புறம் அவர் காணாமலே போனால் ‘உம் ஹாய்’. நம் ஊரிலும் ‘ராத்திரியோடு ராத்திரியாத் தூக்கிட்டாங்க’ என்று சொல்வதில்லையா, அதேதான். வழக்கறிஞர் சோம்சாய் நீலபாய்ஜித் 2004 மார்ச் 12 அன்று பாங்காக்கில் காணாமல் போனார். அவர் குடும்பமும் மற்ற குடும்பங்களும் பல ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, சித்திரவதையையும் ஆளைக் காணாமல் ஆக்குவதையும் குற்றமாக்கும் சட்டம் 2022இல் வந்தது, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்திரிகைகள் அதை ‘உம் ஹாய்’ சட்டம் என்றே எழுதுகின்றன. அகராதியில் ‘உம்’ என்பதற்கு ‘குழந்தையைத் தூக்கு’ என்று மட்டும் போட்டுவிட்டால் இது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: முகநூலில் ‘ரப் ஹியூ’ என்ற விளம்பரங்கள் நிறைய. பை தூக்கும் வேலையா?
(வாசகி, சென்னை)

பதில்: இல்லை. ‘ரப்’ என்றால் பெற்றுக்கொள்வது. ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போகிறவர்கள் அழகுப் பொருள், செருப்பு, தின்பண்டம் என்று ஆர்டர் எடுத்து வாங்கி வந்து கொடுப்பது. உங்கள் பர்மா பஜார் பக்கம் ‘குருவி’ என்பார்களே, கிட்டத்தட்ட அது. தாய்லாந்துச் சுங்கத்தில் சொந்த உபயோகப் பொருளுக்கு 20,000 பாட் வரை விலக்கு உண்டு, ஆனால் விற்பதற்குக் கொண்டுவந்தால் அந்த விலக்கு கிடையாது. தோழி கேட்டாள் என்று பத்து ஒரே மாதிரிப் பெட்டிகளோடு இறங்காதீர்கள்.

கேள்வி: நோயைப் பரப்புவது, கணக்கில் மீதியைக் கொண்டுபோவது, இதற்கும் ஆங்கிலத்தில் ‘கேரி’தானே. தாய்லாந்து மொழியில் இதற்கெல்லாம் எந்தச் சொல்?
(ஆசிரியர், மதுரை)

பதில்: மேலே சொன்ன எதுவும் வராது. கொசு நோயைச் சுமந்து வந்தால் அது ‘பாஹ’. வாகனத்துக்கு அங்கே ‘பாஹன’, இரண்டும் பாலி, சமஸ்கிருத வழி வந்தவை. கூட்டலில் அடுத்த இலக்கத்துக்கு ஒன்றைக் கொண்டுபோவது ‘தொத்’. கடையில் ஒரு பொருள் கிடைக்குமா என்பதற்கு ‘மீ’, அதாவது ‘இருக்கிறது’ என்பதே போதும். விமானத்துக்குள் கொண்டுபோகலாமா என்று கேட்க ‘ஆவ் குன் க்ருவாங் தாய் மாய்’, எடுத்துக்கொண்டு ஏறலாமா என்று பொருள்.

ஆனால் உங்கள் மாணவர்கள் கைப்பேசி விளையாட்டில் ‘அவன்தான் டீமை கேரி பண்ணான்’ என்கிறார்களே, அதற்கு மட்டும் தாய்லாந்துப் பையன்களும் சுமக்கிற சொல்லைத்தான் போடுகிறார்கள்: ‘பேக்’, சாக்கு மூட்டையைத் தோளில் ஏற்றுகிற அதே ‘பேக்’.