கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, இரண்டு குழந்தைகள். எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகிறது. ரத்தம் 8.6தான் இருக்கிறது. ஸ்கேனில் 'பல்கி யூட்ரஸ்', 2 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி, உட்சுவர் 11 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். முகாமிலிருந்து நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனவர், "காப்பீட்டு அட்டையிலேயே முடிச்சிடலாம், விட்டா கேன்சர் ஆயிடும், சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டா தொல்லை விட்டது" என்கிறார். அடுத்த வாரம் அட்மிஷன். எடுத்துவிடலாமா? என் அக்காவுக்கு 54 வயது. நின்று மூன்று வருடமாகிறது. இப்போது லேசாகப் படுகிறது, சூடு என்கிறார்.
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்மிஷனைத் தள்ளிப் போடுங்கள். இப்போது நீங்கள் அவசரப்பட வேண்டியது ரத்த அளவைக் கூட்டிக்கொள்வதற்கும் ஒரு சின்னப் பரிசோதனைக்கும்தான்.

ஏன் இப்படிப் போகிறது என்று சொல்கிறேன். மாதாமாதம் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். கருப்பையின் உட்சுவரை அளவோடு வைத்து, நாள் வந்ததும் ஒழுங்காக உதிரச் செய்வது அதுதான். இந்த வயதில் சில மாதம் முட்டை வரும், சில மாதம் வராது. வராத மாதங்களில் உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும். பழைய வெள்ளையைச் சுரண்டாமல் மேலே மேலே பூசிய சுவர் ஒருநாள் பொத்துக்கொண்டு உதிருமே, அப்படித்தான் பத்து நாள் போக்கும் கட்டிகளும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. நீங்கள் அந்த வாசலில்தான் இருக்கிறீர்கள்.

ஸ்கேன் தாளை எடுத்துப் பாருங்கள். 'பல்கி' என்றால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். பிள்ளை பெற்றவர்களில் பலருக்கும் அப்படி எழுதுவார்கள். அது ஒரு நோயின் பெயர் இல்லை. 2 செ.மீ. கட்டி சிறியது. மாதவிலக்கு நின்ற பிறகு இவை பெரும்பாலும் தாமாகவே சுருங்கும். 11 மி.மீ. என்பதை, ஸ்கேன் எடுத்த தேதியையும் உங்களுக்கு ரத்தம் பட்ட தேதியையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வருவதற்கு முந்தைய வாரம் எடுத்திருந்தால் அந்த அளவு சாதாரணம்.

இனி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உட்சுவரிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? 45 வயதுக்கு மேல் இப்படித் தாறுமாறாகப் போனால் அதைச் செய்யாமல் கேன்சர் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று வலிக்கும், வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் கடிதத்தில் அந்த ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாள் இல்லாமல் தேதி குறித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

முகாமிலிருந்து கூட்டிப் போனவருக்கு நீங்கள் ஒரு கேஸ். அவருக்கு அதில் பங்கு இருக்கலாம். கட்டிலில் படுத்தால்தான் அட்டை பணம் தரும், வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைக்குத் தராது. அப்புறம் கத்திதான் மலிவு, மாத்திரை விலை அதிகம் என்று ஆகாமல் என்ன ஆகும்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019-இல் கணக்கெடுத்தார்கள். கரும்பு வெட்டப் போகும் ஏறக்குறைய 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு தாளில் இருக்கிறது. உங்கள் ஊர் முகாமுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

என்னிடம் ஒருவர் வந்தார். 36 வயதில் எடுத்திருக்கிறார்கள், இரண்டு சினைப்பையையும் சேர்த்து. கையில் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் மூன்றே வரி, ஏன் எடுத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. 44 வயதில் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து வந்திருந்தார். சினைப்பை சும்மா கிடக்கும் உறுப்பு இல்லை சகோதரி. எலும்புக்கும் இதயத்துக்கும் காவல் அது. நல்ல நிலையில் இருப்பதைச் 'சேர்த்து' எடுத்தால், இயற்கை மெதுவாகச் செய்வதை ஒரே இரவில் செய்ததாகும். மறுவாரமே உடம்பெல்லாம் தீயாய் எரியும், தூக்கம் போகும்.

அதே ஆட்கள் 'ஹார்மோன் பேக்கேஜ்' என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் விற்பார்கள். 46 வயதில் அது வேண்டாம். இன்று ஒரு எண் வரும், பத்து நாள் கழித்து வேறு எண் வரும். உங்களுக்கு வேண்டியது ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை, அதோடு ஒரு கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், இரண்டு மாதம் வராத 46 வயதுக்காரருக்கும் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

சதைப் பரிசோதனை நல்லபடியாக வந்தால் வழி நிறைய இருக்கிறது. போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை (காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்), புரொஜெஸ்டிரோன் மாத்திரை, அல்லது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். பார்க்கக் காப்பர்-டி போல இருக்கும், ஆனால் காப்பர்-டி போக்கைக் கூட்டும், இது குறைக்கும். முதல் சில மாதம் திட்டுத் திட்டாகப் படும், பயப்படாதீர்கள். ஐந்து வருடமாவது வேலை செய்யும். அதற்குள் உங்களுக்கு இயற்கையாகவே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

8.6-ஐ இன்றே கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்போது அக்கா. உங்களைவிட அவர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. முழுதாக ஒரு வருடம் வராமல் நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு இல்லை, 'மறுபடி வந்துவிட்டது' என்பதும் இல்லை. பழுப்பாகப் பட்டாலும் சரி, ஒரே ஒரு நாள் பட்டு நின்றாலும் சரி, வலியே இல்லாவிட்டாலும் சரி. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே தோல் மெலிந்திருப்பது போன்ற சாதாரணக் காரணம்தான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். அப்படி இருந்தால் கருப்பையை எடுக்கத்தான் வேண்டும், நானே எடுக்கச் சொல்வேன். அவருக்கு வெந்தயமும் இளநீரும் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு ஓ.பி.க்கு இருவரும் சேர்ந்தே போங்கள். வரிசை நீளம், பாதி நாள் போய்விடும், தெரியும். ஸ்கேன் தாளையும், எந்தெந்தத் தேதியில் பட்டது என்று குறித்த காலண்டர் தாளையும் எடுத்துப் போங்கள். முகாம்காரரைக் கூட்டிப் போகாதீர்கள்.