புது பேஸ் கிட்டார் கைக்குப் பழகவில்லையா? முதலில் அது தொங்கும் விதத்தைப் பாருங்கள்

கேள்வி: பத்து வருடமாக நான்கு தந்தி ஜாஸ் பேஸ் வாசிக்கிறேன். சர்ச் ஆராதனையிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் அதுதான். ஆசைப்பட்டுச் சொல்லிச் செய்த ஐந்து தந்தி பேஸ் போன மாதம் கைக்கு வந்தது. 35 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), நெக்கும் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி) அகலம். சத்தம் அருமை. ஆனால் இடது மணிக்கட்டு வலிக்கிறது, ஈ தந்தி என்று நினைத்து, அதற்கு மேலே புதிதாக வந்த தடித்த பி தந்தியைத் தட்டிவிடுகிறேன், முதல் சில ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) கரகரப்பு வேறு. செய்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வலி பெரும்பாலும் பேஸ் தொங்கும் விதத்தால் வருவது. கரகரப்பு செட்டப்பால், அதாவது நெக் வளைவும் தந்தி உயரமும் சரியாக அமையாததால் வருவது. தந்தி மாறிப்போவது மட்டும்தான் உங்கள் கை பழக வேண்டிய விஷயம். எல்லாவற்றையும் சேர்த்து 'வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்' என்று விட்டால் கைதான் கெடும்.

வலிக்கு எல்லோரும் 35 அங்குல ஸ்கேலைத்தான் குறை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை சுமார் 130 மி.மீ.; 35 அங்குலத்தில் சுமார் 133.5. நான்கு மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. அதனால் மட்டும் மணிக்கட்டு இப்படி வலிக்காது. ஸ்ட்ராப் பட்டன் (தோள் வார் மாட்டும் குமிழ்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜாஸ் பேஸில் உடலிலிருந்து நெக் பக்கம் நீளும் மேல் கொம்பு நீளம். பட்டன் கிட்டத்தட்ட 12-வது ஃப்ரெட்டுக்கு நேராக வரும். சொல்லிச் செய்யும் பேஸ்களில் அழகுக்காகக் கொம்பைக் குட்டையாக வைப்பது உண்டு. அப்போது பட்டன் பிரிட்ஜ் (உடலில் தந்தி முடியும் இடம்) பக்கம் தள்ளிப்போகும், நெக் முழுவதும் உங்களுக்கு இடது பக்கம் விலகிவிடும். நின்றுகொண்டு கண்ணை மூடி, பழைய பேஸின் முதல் ஃப்ரெட்டைப் பிடிப்பதுபோல் கையை வையுங்கள். கண்ணைத் திறந்தால் விரல் இரண்டாவது அல்லது மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும். அந்தத் தூரத்துக்குத்தான் மணிக்கட்டை வளைத்து எட்டிப் பிடிக்கிறீர்கள்.

ஸ்ட்ராப்பைச் சுருக்கி பேஸைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். ஹெட்ஸ்டாக் (சுருதி திருகும் தலைப்பகுதி) தோள் உயரத்துக்கு வரட்டும். அப்புறம் நின்றபடியே இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக் தானாகக் கீழே இறங்கினால், இத்தனை நாளும் அந்த எடையையும் இடது கைதான் தாங்கியிருக்கிறது. உட்பக்கம் சொரசொரப்பான, மூன்று அங்குல அகல ஸ்ட்ராப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் எடை குறைந்த ட்யூனிங் கீ மாற்றலாம். கீழ் ஃப்ரெட்டுகளில் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று விரிக்காமல், டபுள் பேஸ் வாசிப்பவர்களைப்போல் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடியுங்கள். விரல் மரத்துப்போனால் வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கரகரப்பு பெரிய விஷயமில்லை. புது நெக் தந்தியின் இழுவைக்கும் உங்கள் ஊர் ஈரப்பதத்துக்கும் ஒத்துப்போகச் சில வாரம் எடுக்கும். சுருதி சேர்த்துவிட்டு, ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ. இருந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்று இடது பக்கம் தளர்த்துங்கள். அதற்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். மறுநாள் சுருதி சேர்த்துத் திரும்ப அளக்கலாம். நெக் சரியான பிறகு 12-வது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 2 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கட்டும்.

இனி தந்தி குழப்பம். நான்கு தந்தியில் ஈ வாசிக்கும்போது கட்டைவிரல் பிக்கப் (தந்திக்குக் கீழே ஒலியை வாங்கும் காந்தப் பட்டை) மேல் இருக்கும். பத்து வருடமாக மற்ற விரல்கள் அங்கிருந்துதான் தூரம் பார்க்கின்றன. ஐந்து தந்தியில் அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தால் முதலில் மாட்டுவது பி. அதனால் கட்டைவிரலுக்கு பி தந்தியையே வீடாக்குங்கள். ஈ, ஏ வாசிக்கும்போது அது பி மேலேயே சாய்ந்திருக்கட்டும். டி, ஜி-க்குப் போகும்போது கட்டைவிரல் நகர்ந்து, பக்கவாட்டில் பி-யைத் தொட்டபடியே ஈ மேல் சாய வேண்டும். தந்தி தவறாது என்பதோடு, சும்மா இருக்கும் பி தானாக அதிர்ந்து ஹாலில் முழங்குவதும் அடங்கும். ஐந்து தந்தியில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையே இதுதான் என்பேன்.

முதல் வாரம் பி-யைத் தொடாமல், தெரிந்த பாட்டுகளை மெதுவாக வாசியுங்கள். பிறகு அதே பாட்டுகளை ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை நிறுத்தி வாசியுங்கள். திறந்த ஈ ஸ்வரம் பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கிடைக்கும். கை அலையாமல் பாட்டு முழுக்க ஓடும்போதுதான் ஐந்தாவது தந்தியின் அருமை தெரியும். சின்ன பிராக்டிஸ் ஆம்பில் வைத்துப் பழகாதீர்கள். திறந்த பி சுமார் 31 ஹெர்ட்ஸ், ஈ 41. சின்ன ஸ்பீக்கர் அதைக் கொடுக்காது, நீங்களும் கேட்கவில்லையே என்று ஓங்கி அடிப்பீர்கள். நல்ல ஹெட்போன் போதும். பழகும்வரை ஆராதனைக்குப் பழைய பேஸையே கொண்டுபோங்கள், வீட்டில் மட்டும் புதியது.

திருப்பிக் கொடுப்பது பற்றி: சொல்லிச் செய்த முதல் பேஸே முழுத் திருப்தி தர வேண்டும் என்பதில்லை. ஆறு தந்தி பேஸைக் கேட்டு வாங்கிய அமெரிக்க பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சனுக்கு, பேஸ் செய்யும் கார்ல் தாம்சன் 1975-இல் முதலாவதைச் செய்துகொடுத்தார். ஜாக்சன் அதோடு நிற்கவில்லை. கென் ஸ்மித், ஃபொடேரா என்று வேறு பேஸ் செய்பவர்களிடமும் போய் மாற்றி மாற்றிச் செய்துகொண்டார். உங்கள் பேஸில் ஸ்கேல் நீளத்தை மாற்ற முடியாது, நெக் அகலத்தைக் குறைப்பதும் லேசில் நடக்காது. நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் கட்டை) பள்ளம், பட்டன் இடம், நெக்கின் பின்பக்கம் ஒட்டும் வார்னிஷ் இவற்றையெல்லாம் செய்தவரே சரிசெய்து தருவார். செட்டப் முடிந்த பிறகும் ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் கரகரத்தால் அந்த ஃப்ரெட் சமமாக உட்காரவில்லை என்று பொருள். அது அவர் வேலை. எந்தத் தந்தி, எத்தனையாவது ஃப்ரெட் என்று குறித்து, வாசித்துக் காட்டும் வீடியோவோடு இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.