தோட்ட லோடருக்கு எந்த ஐதரோலிக் பம்பி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நீர்வேலியில் எனக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்றின் 12 குதிரைவலு டீசல் எஞ்சினை வைத்து, நான்கு சில்லில் ஓடும் சிறிய தோட்ட உழவு இயந்திரம் ஒன்றை நானும் தம்பியும் செய்திருக்கிறோம். மாட்டெருவையும் செம்மண்ணையும் அள்ளுவதற்கு அதன் முன்னால் ஒரு லோடரைப் பூட்டவிருக்கிறோம். கைகளும் 100 லீற்றர் கொள்ளும் வாளியும் ஒட்டுவேலைக் கடையில் தயாராகிவிட்டன. பம்பிதான் முடிவாகவில்லை. பழைய இரும்புக் கடையில் ரிப்பர் லொறியின் பம்பி ஒன்று மலிவாகக் கிடக்கிறது. தெரிந்தவரிடம் காரின் பவர் ஸ்ரியரிங் பம்பி ஒன்று இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 8 சீசீ (கன சென்ரிமீற்றர்) எண்ணெய் தள்ளும் புதுக் கியர் பம்பி எடுத்துத் தரலாம் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். பெரிய பம்பியாகப் போட்டால்தான் பாரம் தூக்கும் என்பது ஒட்டுவேலைக்காரரின் கருத்து. எதை வாங்குவது?
– வாசகர், நீர்வேலி

பதில்: மூன்று பம்பிகளைப் பற்றி விவரமாக எழுதிய நீங்கள், சிலிண்டர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தீர்மானிக்க வேண்டிய முதல் விடயம் அங்கேதான் இருக்கிறது. பாரத்தைத் தூக்கும் விசையைத் தருவது சிலிண்டரின் பரப்பளவும் எண்ணெயின் அமுக்கமும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்பதையே பம்பியின் அளவு தீர்மானிக்கிறது, அதாவது லோடரின் கை எவ்வளவு வேகமாக மேலெழும் என்பதை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது குழாயின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் சும்மா ஓடுவதையும், பெருவிரலால் வாயை அடைத்தால் கையைத் தள்ளுவதையும் நீங்கள் நாளாந்தம் பார்த்திருப்பீர்கள். ஐதரோலிக்கிலும் எண்ணெயின் வழியில் நிற்கும் பாரமே அமுக்கத்தை உண்டாக்குகிறது. எனவே பெரிய பம்பி கூடப் பாரம் தூக்கும் என்ற கருத்தைக் கைவிட்டுவிட்டு, வாளியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்ப்போம்.

ஈரச் செம்மண் லீற்றருக்கு ஏறத்தாழ 1.7 கிலோ நிறுக்கும். 100 லீற்றர் மண் 170 கிலோ. வாளியின் நிறையையும் கைகளின் நிறையில் ஒரு பங்கையும் சேர்த்தால் 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு லோடரில் சிலிண்டர் ஓர் அங்குலம் நீளும்போது வாளி ஏறத்தாழ நான்கு அங்குலம் உயர்வது வழக்கம். ஆகவே சிலிண்டர்கள் 300 கிலோவின் நான்கு மடங்கை, அதாவது 1,200 கிலோவைத் தள்ளவேண்டும். கை நிலத்தோடு கிடக்கும் நிலையில் சிலிண்டர் சரிவாகத் தள்ளுவதால் அதன் விசையில் ஒரு பகுதி வீணாகிறது. மண்ணைக் கிளப்பி எடுப்பதற்கும் மேலதிக விசை தேவை. இவற்றுக்காக அந்த எண்ணை இரட்டிப்பாக்கி 2,400 கிலோ என்று கொள்வது பாதுகாப்பானது.

உள்விட்டம் 40 மில்லிமீற்றர் கொண்ட சிலிண்டரின் பரப்பளவு 12.5 சதுர சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. 100 பார் அமுக்கத்தில் (ஒரு பார் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) அது ஏறத்தாழ 1,280 கிலோவைத் தள்ளும். இரு கைகளின் சிலிண்டர்களும் சேர்ந்தால் 2,560 கிலோ. உங்களுக்கு இது போதும். சந்தையில் கிடைக்கும் புதுக் கியர் பம்பிகள் பெரும்பாலானவை 200 பார் அளவுக்குத் தாங்குபவை என்பதால், 100 பாரில் ஓடும் பம்பி நீண்ட காலம் உழைக்கும். அந்த அமுக்கத்தைக் கூட்டி இன்னும் பாரம் தூக்கலாமே என்ற எண்ணம் பிறகு வரும். பம்பி தாங்கினாலும், நீங்கள் ஒட்டிய கைகளும் முன் அச்சும் தாங்கமாட்டா. முன் அச்சுக்கு ஒரு மீற்றர் முன்னால் 300 கிலோ தொங்கும்போது பின் சில்லுகள் கிளம்பப் பார்க்கும். பின்னால் எதிர்ப்பாரம் கட்டாமல் இந்த லோடரை ஓட்டவே கூடாது.

இனி வேகம். சிலிண்டர் 450 மில்லிமீற்றர் நீள்வதாக இருந்தால், இரண்டையும் நிரப்ப 1.13 லீற்றர் எண்ணெய் வேண்டும். கை முழுதாக உயர ஏழு விநாடி எடுப்பது சிறிய இயந்திரத்துக்கு அளவான வேகம். அதற்கு நிமிடத்துக்குப் பத்து லீற்றர் எண்ணெய் தேவை. எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்றில் ஓடும்போது பம்பியை நேரடியாகப் பூட்டினால், கசிவையும் கணக்கில் எடுத்து, ஒரு சுற்றுக்கு 5 சீசீ தள்ளும் பம்பி சரியாகப் பொருந்தும். எஞ்சினிலிருந்து அது எடுக்கும் வலுவை அறிய, பார் அளவை நிமிடத்துக்கு வரும் லீற்றரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாற்று கிடைக்கும்: 1.67. பம்பியின் இழப்பையும் சேர்த்தால் இரண்டு கிலோவாற்றுக்குச் சற்று மேல், ஏறத்தாழ மூன்று குதிரைவலு. வாளியைத் தூக்கிக்கொண்டே முன்னால் நகர்வதற்கு உங்கள் எஞ்சினிடம் மிச்சம் இருக்கும்.

இதே கணக்கை ரிப்பர் பம்பிக்குப் போட்டுப் பாருங்கள். அது சுற்றுக்கு 80 சீசீ தள்ளுவது என்று வைத்துக்கொண்டால், 2,200 சுற்றில் நிமிடத்துக்கு 176 லீற்றர் வரும். 100 பாரில் அதற்கு 39 குதிரைவலு தேவை. பாரம் ஏறிய கணத்திலேயே உங்கள் எஞ்சின் நின்றுவிடும். அதை மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம்.

கடைக்காரர் சொல்லும் 8 சீசீ பம்பி நல்ல பம்பிதான். ஆனால் நேரடியாகப் பூட்டினால் கை நான்கு விநாடியளவில் மேலே பாயும்; நிறைந்த வாளி அந்த வேகத்தில் எழுந்து நிற்கும்போது முழு இயந்திரமும் குலுங்கும். கப்பி வைத்து 1,400 சுற்றளவுக்குக் குறைத்து ஓட்டுவதானால் அதையே வாங்கலாம். அப்படிச் செய்யும்போது ஒரு விடயத்தில் கவனம் தேவை. சாதாரண கியர் பம்பியின் தண்டு பக்கவாட்டு இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. கப்பியை நேரே அதன் தண்டில் ஏற்றிப் பெல்ற்றை இறுக்கினால் உள்ளே இருக்கும் புஷ்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பம்பி சில மாதங்களிலேயே அமுக்கம் இழக்கும். கப்பியைத் தனியே இரண்டு பெயாரிங்குகளில் நிற்கும் தண்டில் ஏற்றி, அந்தத் தண்டையும் பம்பியையும் றப்பர் வைத்த கப்பிளிங்கால் இணைப்பதே முறை. இத்தனை வேலையையும் நினைத்துப் பார்த்தால், 5 சீசீ பம்பியை எஞ்சினோடு நேரடியாகக் கப்பிளிங்கில் இணைப்பதையே நான் விரும்புவேன். கடைக்காரரிடம் 8க்குப் பதிலாக 5 கேளுங்கள், 4.5 கிடைத்தாலும் குறையில்லை.

பவர் ஸ்ரியரிங் பம்பியை நான் ஒதுக்கிவிடமாட்டேன். பெல்ற் இழுவையைத் தாங்கும் பெயாரிங், அமுக்கத்தை மட்டுப்படுத்தும் வால்வு, எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு ஆகிய மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. நிமிடத்துக்கு ஏழெட்டு லீற்றரும் 80 பாரும் அதிலிருந்து எதிர்பார்க்கலாம். காய்ந்த மாட்டெருவையும் வாழைச் சருகையும் மட்டும் அள்ளுவதானால் அதுவே போதும். நாள் முழுக்க ஈர மண் அள்ளினால் எண்ணெய் கொதித்துப் பம்பி தளர்ந்துவிடும்.

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய்ப் பழைய கியர் பம்பி வாங்க நேர்ந்தால், விவரத் தகடு கழன்ற பம்பியின் அளவைக் கையாலேயே அறியலாம். உறிஞ்சும் துவாரத்தில் எண்ணெய் ஊற்றி, தண்டை மெதுவாகச் சுற்றிக் காற்றுக் குமிழிகள் நின்றபின், சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி வெளியே வரும் எண்ணெயை அளவுக் குவளையில் பிடியுங்கள். 50 மில்லிலீற்றர் வந்தால் அது 5 சீசீ பம்பி. சுழலும் திசையையும் பார்க்கவேண்டும். தண்டு உங்களை நோக்கியும், பம்பியின் உடலில் மேற்பக்கமாகவும் இருக்கும்படி பிடியுங்கள். பெரிய துவாரம், அதாவது உறிஞ்சும் துவாரம், இடப்பக்கம் இருந்தால் அது வலஞ்சுழிப் பம்பி. எஞ்சினுக்கு எதிரே நின்று பார்க்கும்போது கப்பி இடஞ்சுழியாகச் சுற்றினால், அதற்கு முகம் பார்த்து நேரடியாகப் பூட்டும் பம்பி வலஞ்சுழியாக இருக்கவேண்டும். திசை மாறி ஓடினால் வெளியேறும் அமுக்கம், தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலின் பக்கம் திரும்பி, எஞ்சின் ஸ்ராட் ஆன உடனேயே சீலைத் தள்ளி எறிந்துவிடும்.

கட்டுப்பாட்டு வால்வு வாங்கும்போது, கைபிடி நடுவில் நிற்கையில் எண்ணெய் தடையின்றித் தாங்கிக்குத் திரும்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் அடைபடும் வகையைப் போட்டால், லோடர் சும்மா நிற்கும்போதும் பம்பி முழு அமுக்கத்தோடு போராடி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அமுக்கம் அளவைத் தாண்டினால் எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பிவிடும் அமுக்கத் தளர்வு வால்வு கட்டாயம். பம்பிக்கும் அதற்கும் இடையில் வழியை அடைக்கும் எந்த வால்வும் இருக்கக்கூடாது. அமுக்கமானியைப் பூட்டி, தளர்வு வால்வின் திருகை முழுதாகத் தளர்த்திவிட்டு, சிறிது சிறிதாக இறுக்கி 100 பாரில் நிறுத்துங்கள். எண்ணெய்த் தாங்கி 20 லீற்றராவது கொள்ளட்டும். எங்களுடைய வெக்கைக்கு 68 ஆம் இலக்க ஐதரோலிக் எண்ணெய் பொருத்தம். பிரேக் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; அது சாதாரண ஐதரோலிக் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: நான் கியர் பம்பி பூட்டி லோடர் ஓட்டுகிறேன். பம்பி ஊளையிடுகிறது, எண்ணெய் பால் போல் வெளுத்துவிட்டது. பம்பி பழுதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இப்போதைக்குப் பம்பியைக் கழற்றவேண்டாம். வெளுத்த எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். தெளிந்துவிட்டால் அதில் இருந்தது காற்று. வெளுப்பு மாறாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது, முழு எண்ணெயையும் மாற்றவேண்டும்.

காற்று என்றால் குறை உறிஞ்சும் பக்கத்தில். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் எடுக்கும் பம்பிக்கு உறிஞ்சும் குழாயின் உள்விட்டம் முக்கால் அங்குலம் இருக்கவேண்டும். அரை அங்குலக் குழாய் போட்டவர்களிடமிருந்தே இந்த முறைப்பாடு பெரும்பாலும் வருகிறது. தாங்கி பம்பிக்கு மேலே இருக்கட்டும். குழாய் குட்டையாக, உறிஞ்சும்போது சப்பளியாத வகையாக இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, உறிஞ்சும் பக்க மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் கிறீஸ் பூசுங்கள். எந்த மூட்டில் பூசியதும் ஊளை அடங்குகிறதோ, காற்று அங்கேதான் நுழைகிறது. திரும்பும் குழாயின் வாய் தாங்கியில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலிருந்து கொட்டினால் நுரை நிற்காது.

அமுக்கப் பக்கத்தில் கசிவு தேடும்போது ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துவாரத்தால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் நோவும் பெரிதாக இராது. அப்படி நடந்தால் அந்த மணித்தியாலத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், அமுக்கத்தோடு எண்ணெய் ஏறியது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். பிந்தினால் விரலையே இழக்க நேரிடும். கசிவு பார்க்க மட்டைத்துண்டு ஒன்றைத் தடியில் செருகிப் பிடியுங்கள்.

கேள்வி: தூக்கிய வாளி தானாகவே மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. இன்னும் வலுவான பம்பி போடவேண்டுமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: வேண்டாம். கைபிடி நடுவில் இருக்கும்போது பாரத்தைப் பிடித்து நிற்பது கட்டுப்பாட்டு வால்வும் சிலிண்டரின் பிஸ்ரன் சீலும். பம்பிக்கு அந்த நேரத்தில் அதில் வேலையே இல்லை. எது கசிகிறது என்று பார்க்க, கைகளை முழுதாக உயர்த்தி, சிலிண்டர் இறுதிவரை நீண்ட நிலையில் கைகளுக்குக் கீழே உறுதியான முட்டுக்கொடுத்து, எஞ்சினை நிறுத்துங்கள். கைபிடியை இரு பக்கமும் அசைத்து அமுக்கத்தை இறக்கியபின், சிலிண்டரின் தண்டுப் பக்கக் குழாய்களைக் கழற்றி, குழாய் முனைகளை அடைத்துவிடுங்கள். பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, விலகி நின்று, உயர்த்தும் பக்கமாகக் கைபிடியைத் தள்ளுங்கள். எந்தச் சிலிண்டரின் திறந்த துவாரத்தால் எண்ணெய் தொடர்ந்து வருகிறதோ, அதன் பிஸ்ரன் சீலை மாற்றவேண்டும். இரண்டிலும் வராவிட்டால் தேய்ந்திருப்பது வால்வுக்குள் ஓடும் தண்டு. அதற்குச் சீல் போட்டுத் திருத்த வழியில்லை, வால்வையே மாற்றவேண்டும்.