சுருதிக்குள் இருக்கும் இரைச்சல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், இரைச்சலையே இசையாக வாசிக்கும் 'ஜோக்ஜா நாய்ஸ் பாம்பிங்' விழாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னீர்களே என்று சில காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். நாலு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் வீணை கற்றவள் நான். சுருதி இல்லை, தாளம் இல்லை. எங்கள் வீட்டு கிரைண்டர் சத்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே? காதுக்கும் கேடுதானே?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

பிடிக்காததையும் நாலு நிமிடம் பொறுமையாகக் கேட்டு, அப்புறம் உட்கார்ந்து எழுதியும் இருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது உண்மைதான். அந்த விழா பிறந்ததே அந்த எண்ணத்தில்தான். சுவர்களில் அனுமதி கேட்காமல் கிராஃபிட்டி வரைவதை 'பாம்பிங்' என்பார்கள். அந்த நகரத்து நாய்ஸ் கலைஞர் இந்த்ரா மெனுஸும் அவருடைய நண்பர்களும் அதையே சத்தத்தில் செய்தார்கள். மேடைக்காகக் காத்திருக்கவில்லை. பூங்காவிலோ தெருவோரத்திலோ ஒரு பிளக் பாயிண்ட் கண்ணில் பட்டால் போதும், கருவிப் பெட்டிகளை இறக்கி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள், காவலாளி வந்து நிறுத்தச் சொல்லும்வரை. அப்படித் தெருவில் தொடங்கியதுதான் இன்று வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்து வாசிக்கும் விழாவாகியிருக்கிறது.

கருவிகளும் பெரும்பாலும் கையால் செய்தவை. அதே நகரத்துக்காரரான லிந்தாங் ராதித்யா மின்சாரத்தால் ஒலி எழுப்பும் தன் சிந்தசைசர்களைத் தானே செய்கிறார். சென்யாவா என்ற இருவர் இசைக்குழுவில் ஒருவரான வுகிர் சூர்யாதி ஒரு மூங்கில் தண்டையே நரம்புக் கருவியாக்கி வைத்திருக்கிறார்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'பியசோ' என்று கேட்டால் எட்டணா நாணய அளவில், அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பித்தளை வில்லை தருவார்கள். அதில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, ஓர் எவர்சில்வர் தட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டி, ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தேன். தட்டில் ஒரு பிடி அரிசியைத் தூவினேன். மழை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு அரிசிக்கும் தனித்தனியாக ஒரு மணி அடித்தது. விரலால் தட்டின் விளிம்பை அழுத்தியதும் அத்தனை மணியும் அடைத்துக்கொண்டன. விரலை எடுத்தேன், திரும்ப வந்தன. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிரைண்டருக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த விரல்தான். கிரைண்டர் தன் பாட்டுக்கு ஓடும். இங்கே ஒருவர் தன் சத்தத்தைத் தானே கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ'வென்று கத்துமே, ஜப்பானின் தோஷிமாரு நகமுரா ஏறக்குறைய அதைத்தான் வாத்தியமாக்கினார். பல ஒலிகளைக் கலக்கும் பெட்டியான மிக்சரிலிருந்து வெளியே வரும் ஒயரைத் திரும்ப அதன் உள்ளேயே செருகிவிடுவார். வெளியிலிருந்து எந்த ஒலியும் உள்ளே போவதில்லை. மிக்சரின் சொந்த முணுமுணுப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி ஸ்வரமாகிறது. குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் அது போய் வேறொன்று வந்து நிற்கும். அதைப் பிடித்து நிறுத்த எவ்வளவு நேரம் பழகியிருக்க வேண்டும் என்று வீணை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுருதி இல்லை என்கிறீர்கள். தம்புராவில் தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவாளி நூல் வைப்போம் இல்லையா? அந்த நூல் என்ன செய்கிறது? தந்தியைச் சுத்தமாக ஒலிக்க விடாமல் இரைய வைக்கிறது. நூலை எடுத்துவிட்டால் தம்புரா வறண்டு போகிறது. அந்த இரைச்சலுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ஜீவன். இரண்டு தந்திகள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்பு ஒலி அலை அலையாக அதிரும், சேரச் சேர அந்த அலை நிதானமாகி மறையும். அலை எப்போது அடங்கும் என்று நீங்கள் காது கொடுத்துக் காத்திருப்பீர்கள். நாய்ஸ் வாசிப்பவர்கள் அந்த அலையை அடங்க விடாமல் வைத்துக்கொண்டு, அதற்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

உங்கள் எரிச்சலும் புதிதில்லை. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இரைச்சலும் இசைதான் என்று 1913-இல் அறிக்கை எழுதினார். அதற்கென்றே கருவிகள் செய்து 1914-இல் மிலானில் மேடையேற்றியபோது அரங்கில் கைகலப்பே நடந்தது.

காதைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியம், அதில் நான் உங்கள் பக்கம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை கேட்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம், அவ்வளவுதான். இம்மாதிரிக் கச்சேரிகளின் சத்தம் சாதாரணமாக அந்த 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது. பஞ்சு போதாது.

வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒலியைக் குறைத்தே வையுங்கள். முதலில் தம்புராவில் ஒரு தந்தியின் ஜீவாளியை மட்டும் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மீட்டுங்கள். பிறகு நூலை மெல்ல நகர்த்தி, இரைச்சல் திரும்ப வந்து சேரும் இடத்தைக் கேளுங்கள். அப்புறம் அதே காணொளியை, விட்ட இடத்தில், ஐந்தாவது நிமிடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.