எழும்பாத என்ஜின், இறங்கிவிடும் என்ஜின்: அவுட்போர்டு டில்ட் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்) இருக்கிறது. டில்ட் சுவிட்ச்சில் மேல் பக்கம் அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. கீழ் பக்கம் அழுத்தினால் ஒழுங்காக இறங்குகிறது. பம்ப் செட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பம்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். டில்ட் என்பது என்ஜினைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பு: மின் மோட்டார் பம்பைச் சுற்றும், பம்ப் ஆயிலைச் சிலிண்டருக்குள் தள்ளும். இறங்குகிறது என்றால் மோட்டாரும் அதன் பிரஷ்ஷும் ஃப்யூஸும் வேலை செய்கின்றன என்றுதான் பொருள். ‘டிக்’ சத்தம் ரிலேயிலிருந்து (சுவிட்ச் சொன்னதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) வருகிறது. அதனால் சுவிட்ச்சும் அதன் ஒயரும் சரி. பழுது பெரும்பாலும் ரிலேயின் காண்டாக்ட்டில் இருக்கும்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். மேலே தூக்கும்போது என்ஜினின் முழு எடையும் பம்பின் மீது விழுகிறது. அதனால் சோர்ந்த பேட்டரி இறக்கிவிடும், ஏற்றாது. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு மேல் பொத்தானை அழுத்துங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். அழுத்தியதும் 10.5-க்குக் கீழே சரிந்தால் கோளாறு பேட்டரியில். சரியவே இல்லை, மோட்டாரும் முனகவில்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

டில்ட் மோட்டாருக்கு இரண்டு தடித்த ஒயர்கள் வரும். யமஹாவில் ஒன்று வான நீலம், மற்றது இளம்பச்சை. பொத்தானை விட்டிருக்கும்போது இரண்டும் ரிலே வழியாக எர்த்தில் (பேட்டரி நெகட்டிவ் பக்கம்) உட்கார்ந்திருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் நீலத்துக்கு 12 வோல்ட் வரும், பச்சை எர்த்திலேயே நிற்கும். கீழ் பொத்தானுக்கு இது தலைகீழ். ஆகவே என்ஜின் ஏறுவதற்கு இரண்டு காண்டாக்ட்டுகள் நன்றாக இருக்க வேண்டும்: மேல் ரிலேயின் (ஏற்றும் ரிலே) 12 வோல்ட் காண்டாக்ட்டும், கீழ் ரிலேயின் (இறக்கும் ரிலே) எர்த் காண்டாக்ட்டும். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை.

கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மேல் பொத்தானை அழுத்தியபடி சிவப்பு முனையால் நீல ஒயரைத் தொடுங்கள். 12 வோல்ட் வரவில்லையானால் மேல் ரிலே கருகியிருக்கிறது. வந்தால் பச்சையைத் தொடுங்கள். அங்கே பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். பச்சையிலும் 12 வோல்ட் காட்டினால் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது. அப்போது கீழ் ரிலேயை மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் ரிலேயின் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புப் பூத்திருந்தால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். சில நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்துச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் சாக்கெட்டை ரிலேயிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கழற்றாமல் கொடுத்தால் எர்த்தில் இருக்கும் ஒயருக்கே 12 வோல்ட் கொடுத்ததாகிவிடும், நேரடி ஷார்ட். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

கேள்வி: பின்னேரம் எஞ்சினை உயர்த்திவிட்டுப் போனால் விடிய வந்து பார்க்கும்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. ரிவர்ஸ் போட்டாலும் எஞ்சின் தானாகவே மேலே எழும்புகிறது. சிலிண்டர் சீல் போய்விட்டதா?
– வாசகர், நிலாவெளி

பதில்: ரிவர்ஸில் எழும்புகிறது என்று எழுதியது நல்ல துப்பு. இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் மேனுவல் ரிலீஸ் ஸ்க்ரூவின் மீதுதான். பேட்டரி செத்துப்போனால் கையால் எஞ்சினைத் தூக்குவதற்காக வைத்திருக்கும் ஸ்க்ரூ அது. எஞ்சினைப் படகில் பிடித்திருக்கும் கிளாம்ப் பிராக்கெட்டின் பக்கவாட்டுத் துளைக்குள் இருக்கும். யாராவது திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருக்கலாம். அகலமான ஸ்க்ரூடிரைவரால் கடிகாரத் திசையில் உட்காரும்வரை திருப்புங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், உள்ளே உட்காரும் இடம் சேதமாகும்.

மூடியிருந்தும் இறங்கினால் அந்த ஸ்க்ரூவின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அறுந்திருக்கலாம், அல்லது ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வில் தூசு சிக்கியிருக்கலாம். ஓ-ரிங் சில்லறைக் காசு. அதை மாற்றி, ஆயிலையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் சிலிண்டரைப் பிரிக்கும் பேச்சு. ஸ்க்ரூவை வெளியே எடுக்கும்போது எஞ்சினை முழுக்க உயர்த்தி, லாக் லீவரோடு (உயர்த்திய எஞ்சினைத் தாங்கும் பூட்டு) முட்டுக்கொடுத்து வையுங்கள். எடை சிலிண்டரில் நின்றால் ஆயில் பீய்ச்சியடிக்கும்.

கேள்வி: மோட்டார் ‘விர்ர்’ என்று வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை. ஆயில் குறைந்திருக்குமோ? என்ன ஆயில், எவ்வளவு ஊற்ற வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஆயில் குறைவு, ரிலீஸ் ஸ்க்ரூ திறந்திருப்பது, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைவது – பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

ஆயில் அளவை என்ஜின் முழுக்க உயர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். சிலிண்டர் நீண்டிருக்கும்போது அளவு குறைவாகத் தெரியும், அதுதான் சரியான கணக்கு. தாழ்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கைத் திறந்தால் அழுத்தத்தில் ஆயில் முகத்தில் அடிக்கும். உங்களுடையது எழும்பாததால் ரிலீஸ் ஸ்க்ரூவைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் தளர்த்தி, மூன்று பேராகவோ செயின் பிளாக்காலோ தூக்குங்கள். நூறு கிலோவுக்கு மேலும் எடை இருக்கலாம், தனியாக முயல வேண்டாம். லாக் லீவரைப் போட்டு, ஸ்க்ரூவை மூடி, பிறகு பிளக்கைத் திறங்கள். துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும்.

டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) பெரும்பாலான என்ஜின்களுக்குப் பொருந்தும், கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். பிளக்கை மூடி நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறை ஏற்றியதும் சில நிமிடம் விட்டு அளவு பார்த்து நிரப்புங்கள், காற்று வெளியேறிவிடும். நடுவில் மோட்டார் தானாக நின்றால் பதற வேண்டாம். சூடேறினால் துண்டிக்கும் பிரேக்கர் பல மோட்டார்களுக்குள் இருக்கிறது, ஆறியதும் ஓடும்.

வெளியே வந்த ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். முழுக்க வடித்து, ராட் சீலையும் பிளக் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பம்ப் உள்ளேயே துருப்பிடிக்கும், அப்போது மெக்கானிக் சொல்லும் பெரிய செலவு உண்மையாகிவிடும்.

கேள்வி: டில்ட் நன்றாக வேலை செய்கிறது, டிரிம் மீட்டர் (என்ஜினின் சாய்வைக் காட்டுவது) முள் மட்டும் அசையவில்லை.
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: பிராக்கெட்டில் இருக்கும் டிரிம் சென்சார் அல்லது அதன் ஒயர். ஹைட்ராலிக்கோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஏற்றி இறக்கும்போது ஒயர் எங்கே மடங்கி நசுங்குகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும்.

கேள்வி: கடலில் நங்கூரமிட்டு நிறுத்தும் படகு. டில்ட் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: என்ஜினை உயர்த்தி லாக் லீவரைப் போட்டதும் விட்டுவிட்டுப் போகிறோம். டிரிம் ராடுகள் (என்ஜினின் சாய்வைச் சரிசெய்யும் தண்டுகள்) இருக்கும் மாடலில் இன்னும் ஒரு வேலை பாக்கி. லாக் விழுந்த பிறகு கீழ் பொத்தானை அழுத்தினால் என்ஜின் லீவரில் தங்கிவிடும், டிரிம் ராடுகள் மட்டும் உள்ளே போய்விடும். வெளியே நீண்டிருக்கும் ராடில் கொட்டலசு (ஓட்டுடன் ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிரி) ஒட்டி, பிறகு இறக்கும்போது அது சீலைக் கிழிக்கிறது. ஆயில் கசிவுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கொட்டலசைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ராடில் கோடு விழும். மரத்துண்டால் தட்டி எடுங்கள்.

பிராக்கெட்டின் அடியில் இருக்கும் அனோடு (தான் கரைந்து மற்ற உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. டில்ட் ஷாஃப்ட்டின் கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை மரைன் கிரீஸ் அடியுங்கள். உயர்த்திய என்ஜினுக்கு அடியில் கைவிடும்போது லாக் லீவரோடு ஒரு மரக்கட்டையையும் முட்டுக்கொடுங்கள்.