துவோடாவின் இரண்டாவது மகன் பெயர் எங்கே?

ஒன்பதாம் நூற்றாண்டில் செப்டிமேனியாவை (இன்றைய தெற்கு பிரான்ஸ் பகுதி) ஆண்ட பிரபு பெர்னார்டின் வம்ச வரைபடம் போடுகிறீர்கள். அவர் மனைவி துவோடா எழுதிய நூலில் இரண்டாவது மகன் பெயரே இல்லை, விடுபட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். விடுபடவில்லை, பெற்றவளுக்கே தெரியாது! 841 மார்ச் 22இல் உசெஸ் நகரில் பிறந்த குழந்தையை, ஞானஸ்நானம் ஆகி பெயர் சூட்டும் முன்பே கணவர் அக்விட்டேனுக்கு (தென்மேற்கு பிரான்ஸ்) வரவழைத்துக்கொண்டார். மூத்தவன் வில்லியமும் அதே ஆண்டு வழுக்கை சார்லஸ் அரசரிடம் அனுப்பப்பட்டான், கிட்டத்தட்ட பிணையாக. அவனுக்காக எழுதியதுதான் அந்த அறிவுரை நூல். தம்பிக்கும் படித்துக் காட்டச் சொல்கிறார்.

பின்னாளில் அறியப்பட்டபடி, தந்தையைப் போலவே சின்னவன் பெயரும் பெர்னார்டுதான், அப்படியே சேர்த்துவிடுங்கள். அப்புறம், தாத்தாவும் வில்லியம் (ஜெல்லோன் மடத்தை நிறுவியவர்), பேரனும் வில்லியம். குழப்பிக்கொள்ளாமல் ஆண்டுகளையும் எழுதிவையுங்கள். தந்தைக்கு 844இல் மரண தண்டனை, மகன் வில்லியத்துக்கு 850இல்.