கோணல் கொக்கு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். காகித வேலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு நானும் என் எட்டு வயது மகனும் உட்கார்ந்து ஏதாவது செய்வோம். வாழ்த்து அட்டை, பெட்டி, கொக்கு, சுருள் பூ, இப்படி. அவன் தூங்கிய பிறகு, அவன் செய்ததில் கோணலாக இருப்பதைப் பிரித்து நேராக மடித்து வைத்துவிடுவேன். பார்க்க நன்றாக இருந்தால் உற்சாகமாகச் செய்வான் என்றுதான் அப்படிச் செய்தேன். போன மாதம் கண்டுபிடித்துவிட்டான். "இது நான் செஞ்சது இல்லையே" என்றான். அதிலிருந்து கூப்பிட்டால் வருவதில்லை. "எனக்கு மடிக்க வராது" என்கிறான்.

வீடு முழுக்கக் காகிதக் குப்பை, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று என் மாமியார் கேட்கிறார். கணவர் எதுவும் சொல்வதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் பசை காய்ந்து கிடந்தால் அவர் முகம் மாறிவிடுகிறது. பேசாமல் நிறுத்திவிடலாமா? இல்லை, மகனைத் திரும்ப உட்காரவைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நிறுத்த வேண்டாம். முதல் வேலையாக, நீங்கள்தான் பிரித்து மடித்தீர்கள் என்பதை மகனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியும்தான். இருந்தாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும். உற்சாகப்படுத்தத்தான் செய்தேன் என்றெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டாம். "நீ செய்ததை உன்னைக் கேட்காமல் தொட்டுவிட்டேன், இனிமேல் தொட மாட்டேன்" என்றால் போதும்.

அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். காகிதத்தை மடிக்கும்போது உள்ளே இருக்கும் இழைகள் அந்த இடத்தில் நசுங்கிவிடுகின்றன. அந்தக் கோடு அப்புறம் போகவே போகாது. பிரித்து வேறு இடத்தில் மடித்தால் பழைய கோடும் புதுக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவன் அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்திருப்பான். எட்டு வயதில் அதைக் கவனிக்கிற பையனுக்கு மடிக்க வராது என்று நான் நம்ப மாட்டேன்.

அவனுடைய அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் கையில் கோணிப்போவதில் எவ்வளவோ விஷயம் காகிதத்தால் வருவது, கையால் வருவதில்லை. அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கோணல் வந்ததும் "நேரா மடி" என்கிறோம். நேராகத்தானே மடிக்கப் பார்த்தான்!

கொக்கையே எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளில் சதுரம் வெட்டித்தானே கொடுக்கிறீர்கள்? அந்தத் தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 நீளம். ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சுகிற 87 மில்லிமீட்டர் பட்டையை வெட்டி எடுக்கிறோம். அந்த வெட்டு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அது சதுரமே இல்லை. கொக்கில் ஒவ்வொரு மடிப்பும் முந்தைய மடிப்பின் மேல் உட்காருகிறது. முதலில் வந்த பிசகு படிப்படியாகப் பெருகி, கடைசியில் அலகு வருகிற இடத்தில் நுனி சேராமல் விலகி நிற்கும். எவ்வளவு கவனமாக மடித்தாலும் இதற்குத் தப்ப முடியாது. அதனால் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் அளந்து வெட்டுங்கள், அளக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். மிஞ்சுகிற பட்டையை எறிய வேண்டாம், மெல்லிய கீற்றுகளாக வெட்டினால் உங்கள் சுருள் பூவுக்கு ஆகும்.

அளவும் முக்கியம். ஒரிகாமித் தாள், அதாவது காகித மடிப்புக்கென்றே விற்கும் தாள், வழக்கமாக 15 சென்டிமீட்டர் சதுரமாக வரும். சின்ன விரல்களுக்கு 20 சென்டிமீட்டர் இருந்தால் சுலபம். தடிமன் அதைவிட முக்கியம். அச்சடிக்கும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும், ஒரிகாமித் தாள் அதைவிட மெல்லியது. கொக்கின் கழுத்தில் பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருவதால் தடித்த தாள் அங்கே முரண்டு பிடிக்கும். பெரியவர்கள் நகத்தால் அழுத்திச் சமாளித்துவிடுவோம், பிள்ளைகளுக்கு அந்த அழுத்தம் வராது.

வாழ்த்து அட்டையில் மடிப்பு பிளந்து பிசிறு பிசிறாக நிற்கிறதா? அதற்கு இழைகள் போகும் திசைதான் காரணம். இயந்திரத்தில் காகிதம் செய்யும்போது தண்ணீரில் கலந்த கூழ் ஓடிக்கொண்டிருக்கும் வலையின் மேல் விழுகிறது. வலை ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துவிடும். அந்தத் திசையை ஒட்டி மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும். குறுக்கே மடித்தால், அட்டை தடிமனாக இருந்தால், மேல்தோல் வெடிக்கும். கையால் செய்த காகிதத்தில் கூழை அள்ளும் வலைச் சட்டத்தை எல்லாப் பக்கமும் அசைப்பதால் இழைகள் கலந்து கிடக்கும், அங்கே இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

இதை அவனுக்கு வாயால் சொல்லாதீர்கள். ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து, முதலில் மேலிருந்து கீழே கிழிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பக்கவாட்டில். ஒரு திசையில் விர்ரென்று நேராகக் கிழியும். மற்றதில் எவ்வளவு பார்த்துக் கிழித்தாலும் வளைந்து வளைந்து எங்கோ போகும். கை அதே கைதான். அதை அவனே பார்க்கட்டும். அட்டைக்கு வேறு சோதனை இருக்கிறது: மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளைத்துப் பார்ப்பது. எந்தப் பக்கம் இளகி வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிக்கலாம். மடிப்பதற்கு முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுவிட்டால் அட்டை தானே அந்தக் கோட்டில் மடியும்.

பசைக்கும் இதே கதைதான். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்டால் இழைகள் நீளத்தைவிடக் குறுக்கே அதிகமாக உப்பும், அதனால்தான் ஒட்டிய பெட்டி மூடி வளைகிறது. மெல்லியதாகத் தடவி, காயும்வரை மேலே கனமான புத்தகம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவன் கொக்கு கோணலாக வரலாம். வரட்டும். நீங்கள் திருத்துவதாக இருந்தால் உங்கள் கையில் இருக்கும் தாளில் மடித்துக் காட்டுங்கள். அவன் தாளில் கை வைக்காதீர்கள். அவன் கேட்டாலும் "இப்படிப் பார்" என்று பக்கத்தில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். செய்ததையெல்லாம் சேர்த்து வைத்தால் வீடு தாங்காது. ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்ததும் எது இருக்கலாம், எது போகலாம் என்பதை மகன் முடிவு செய்யட்டும். ஆனால் பிரயோஜனம் என்ற கேள்விக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. 1700-ல் பிறந்த மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கணவரை இழந்த பின், 70 வயதைத் தாண்டிய பிறகு காகிதத்தில் பூக்கள் வெட்டத் தொடங்கினார். வண்ணத் தாளைக் கத்தரித்துக் கறுப்புப் பின்னணியில் ஒட்டுவார். மகரந்தக் காம்பு, இலை நரம்பு எல்லாம் தனித்தனித் துண்டு. ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் ஆனதும் உண்டு. கண்பார்வை மங்கும்வரை செய்தார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகம் இருக்கட்டும், நான் இதைச் சொல்வது அவர் தொடங்கிய வயதுக்காக. உங்கள் மாமியாரிடம் வாதாடுவதைவிட அவர் முன்னால் ஒரு கத்தரிக்கோலை வைத்துப் பாருங்கள். பல வருஷம் அடுக்களையில் பழகிய கைகள் மெல்லிய கீற்று வெட்டுவதில் நம்மை மிஞ்சிவிடும்.

கணவருக்கு வழி சுலபம். மேசை அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தடித்த அட்டைப் பலகை வாங்கி, அதன் மேல்தான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் நேரத்தில் பாதியில் நிற்கும் வேலையோடு பலகையை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம். மேசையில் பசை சிந்தினால் காய்வதற்குள் ஈரத்துணி.

பெட்டியில் இருக்கப்போகிறவற்றுக்குப் பின்புறம் பென்சிலால் தேதி எழுதிவையுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறலாம். பிய்ந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டாம், நாளாக நாளாக மஞ்சளாகிக் கறை விடும். கொக்கில் இதழ்போல் தூக்கி மடிக்கும் படியில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். உங்கள் மகனும் அங்கேதான் நிற்கிறானா என்று எழுதுங்கள். அப்படியானால் அந்தப் படியைத் தனியாக விளக்கி எழுதுகிறேன்.

அன்புடன்.